தண்ணீர் விளக்கு எரியாத பழைய டீசல் பிக்கப்பில் செப்பரேட்டரைத் திறக்க வேண்டுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. 20 வயதைத் தாண்டிய ஒரு டீசல் பிக்கப்பை வாங்கியிருக்கிறீர்கள். முன்பு வைத்திருந்தவர், டீசலிலிருந்து தண்ணீரைப் பிரித்துத் தேக்கும் வாட்டர் செப்பரேட்டரைத் திறந்ததே இல்லை என்கிறார். அதில் தண்ணீர் சேர்ந்தால் எச்சரிக்கும் தண்ணீர் விளக்கு டாஷ்போர்டில் எரிந்து நீங்கள் பார்த்ததில்லை, வண்டியும் குறையில்லாமல் ஓடுகிறது. இதைத் தொடாமல் விடலாமா, வடிப்பதென்றால் எவ்வளவு நாளைக்கு ஒருமுறை, டேங்கில் ஏதாவது ஆடிட்டிவ் ஊற்றிவிட்டால் போதாதா என்று மூன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இவை ஒரே கேள்வியாகத்தான் படுகின்றன: உள்ளே தண்ணீர் இல்லை என்று எதை வைத்து நம்புவது? வடித்து, கண்ணாடிப் பாத்திரத்தில் பார்ப்பதைத் தவிர நம்பகமான வழி கிடையாது. டீசல் பம்ப்பும், எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் முனையான நாசிலும் பழுது பார்த்தே காலம் போனவன் நான். மேசைக்கு வந்த பம்ப்புகளில் துருப்பிடித்தவை பலவற்றின் சொந்தக்காரர்கள் சொன்னதும் இதே வாக்கியம்தான்: "விளக்கு எரியவே இல்லையே."

டீசலில் தண்ணீர் மூன்று விதமாக இருக்கும். தனியாகப் பிரிந்து நிற்பது ஒன்று. டீசலின் அடர்த்தி லிட்டருக்குச் சுமார் 0.82 முதல் 0.86 கிலோ, தண்ணீருக்கு 1 கிலோ. அதனால் பிரிந்த தண்ணீர் அடியில் போய்ப் படியும். இரண்டாவது, நுண்ணிய துளிகளாகச் சிதறிக் கலங்கலாக நிற்பது. மூன்றாவது, டீசலிலேயே கரைந்திருப்பது. கரைந்த தண்ணீரை எந்த செப்பரேட்டரும் பிடிக்காது, பிடிக்க வேண்டிய அவசியமும் பெரும்பாலும் இல்லை. ஐரோப்பாவின் இ.என். 590 தரவிதி ஒரு கிலோ டீசலில் 200 மில்லிகிராம் வரை தண்ணீரை அனுமதிக்கிறது. 80 லிட்டர் டேங்கில் கணக்குப் போட்டால் 13 கிராம் போல வரும். அதாவது, விதிக்கு உட்பட்ட நல்ல டீசலிலேயே இவ்வளவு இருக்கலாம். டீசல் சூடாக இருக்கும்போது கரைந்து நிற்பதில் ஒரு பங்கு, குளிர்ந்ததும் வெளியே வந்து துளியாகும். எனவே வடிக்கும்போது சில துளி தண்ணீர் வந்தால் யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று பதற வேண்டாம்.

செப்பரேட்டர் செய்கிற வேலை எளிமையானது. டீசலின் ஓட்டத்தை மெதுவாக்கி, சிறு துளிகளை ஒன்றுசேர்த்துப் பெருந்துளியாக்கி, அது தன் எடையாலேயே அடியில் இருக்கும் கிண்ணத்தில் இறங்க விடுகிறது. சிலவற்றில் தண்ணீரை ஒட்டவிடாத பூச்சுப் பூசிய தாள் இருக்கும். டீசல் அதில் புகும், துளி வெளியிலேயே நின்று வழிந்துவிடும். டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்ப்புக்கு முன்னால், உறிஞ்சும் பக்கத்தில் இருக்கும் செப்பரேட்டருக்கு ஒரு சாதகம் உண்டு: பம்ப் இன்னும் தண்ணீரை அடித்துக் கலக்கவில்லை, துளிகள் பெரிதாக இருக்கும், பிரிப்பது சுலபம். பாதகமும் உண்டு: அங்கே இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் கசிந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். பம்ப்புக்குப் பின்னால் இருந்தால் நிலைமை தலைகீழ். கசிவு கண்ணுக்குத் தெரியும், ஆனால் தண்ணீர் ஏற்கெனவே பொடிப்பொடியாகிவிட்டிருக்கும்.

உங்கள் வண்டியில் அது எங்கே இருக்கிறது என்பதை மாடல் தெரியாமல் சொல்ல முடியாது. டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற பல பிக்கப்களில் ஃபில்டரும் செப்பரேட்டரும் ஒன்றே. தலையில் கைப்பம்ப், அடியில் வடிகால் திருகு. ஃபோர்டின் 7.3 லிட்டர் பவர் ஸ்ட்ரோக்கில் எஞ்சினின் இரண்டு வரிசைகளுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் ஒரு கிண்ணம் இருக்கும், பக்கத்தில் வடிகால் நெம்புகோல். அந்தக் கிண்ணத்துக்குள் சூடேற்றும் கம்பி ஒன்றும் உண்டு; அது ஷார்ட் ஆனால் ஃபியூஸ் போய் வண்டியே கிளம்பாது. 2001 முதல் 2004 வரை வந்த ஜி.எம். டூராமேக்ஸ் எல்.பி.7 எஞ்சினில் டேங்கிலிருந்து தள்ளும் பம்ப் கிடையாது, எஞ்சின் பம்ப்பே உறிஞ்சும். அதனால் அந்த வண்டிகளில் ஃபில்டர் தலையில் ஓர் ஓ-ரிங் காய்ந்தாலே காலையில் ஸ்டார்ட் ஆகத் திணறும். கையேட்டில் படம் இருக்கும், அதைப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

தண்ணீர் என்ன கெடுக்கும் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ரோட்டரி வகை பம்ப்புக்கு டீசலேதான் எண்ணெய். பாஷ் வி.ஈ., வி.பி.44 இரண்டும் அந்த வகை. உள்ளே எஞ்சின் ஆயில் ஒரு துளிகூடப் போகாது. 12 வால்வ் கம்மின்ஸ் எஞ்சினில் வந்த பி7100 போன்ற இன்லைன் பம்ப்பின் கேம் ஷாஃப்ட்டுக்கு எஞ்சின் ஆயில் வரும், அதனால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஆனால் அதிலும், டீசலை அழுத்தித் தள்ளும் தண்டான பிளஞ்சரை நனைப்பது டீசல்தான். பிளஞ்சருக்கும் அதன் குழலுக்கும் நடுவே இருப்பது சில மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு இடைவெளி. வண்டி இரண்டு வாரம் சும்மா நிற்கும்போது அங்கே ஒரு துளி தண்ணீர் தங்கினால் போதும், துரு பிடிக்கும். பிறகு ஸ்டார்ட் செய்தால் துருத்தூளே உப்புத்தாளாக உரசும். நாசில் முனையில் வேறு மாதிரியான சேதம்: அந்தச் சூட்டில் தண்ணீர் சட்டென்று ஆவியாகி வெடிக்கிறது, முனை உடைந்து விழுவதும் உண்டு. எல்லா நாசிலுக்கும் பொதுவான ஒரே குழாயில் உயர் அழுத்தத்தில் டீசலைத் தேக்கிவைக்கும் காமன் ரெயில் வண்டி என்றால் நிலைமை இன்னும் மோசம். மேலே சொன்ன எல்.பி.7-ல் ரெயில் அழுத்தம் 1,600 பார் வரை போகும், அங்கே துருத்தூளுக்கு மன்னிப்பே கிடையாது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் கேள்விப்படுவதையெல்லாம் அப்படியே நம்பக்கூடாது. "டேங்கைப் பாதியில் விடாதே, இரவில் காற்று குளிர்ந்து தண்ணீர் சேரும்" என்று எல்லோரும் சொல்வார்கள். கணக்குப் பார்க்கலாம். 30 டிகிரியில் ஈரம் முழுக்க நிறைந்த காற்றில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 30 கிராம் நீராவி. பாதி காலியான டேங்கில் 40 லிட்டர் காற்று என்றால் மொத்த நீராவியே 1.2 கிராம்தான். பகலுக்கும் இரவுக்கும் 15 டிகிரி வித்தியாசம் என்றால் டேங்க் உள்ளிழுத்து வெளிவிடும் காற்று இரண்டு லிட்டர் அளவு. அது புதிதாகக் கொண்டுவரும் நீராவி 0.06 கிராம், அதுவும் முழுவதும் உள்ளேயே தங்கினால். நூறு நாளைக்கு 6 கிராம். தினமும் ஓடும் வண்டிக்கு இது ஒன்றுமே இல்லை. மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும் வண்டிக்கு மட்டும் டேங்கை நிரப்பி வைப்பதில் பொருள் இருக்கிறது. கிண்ணம் அடிக்கடி நிறைகிறது என்றால் பனிமூட்டத்தைக் குற்றம் சொல்லாதீர்கள். பங்க்கின் நிலத்தடித் தொட்டி, வாய் சரியாக மூடாத டேங்க் மூடி, துருப்பிடித்த நிரப்புக் குழாய், அதன்மேல் நேராக அடிக்கும் பிரஷர் வாஷ், வெளியில் கிடந்த கேனிலிருந்து ஊற்றிய டீசல், இவற்றில் ஒன்றைத் தேடுங்கள். பழைய பிக்கப்பில் நான் முதலில் பார்ப்பது மூடியின் ரப்பரைத்தான்.

இனி வடிக்கும் முறை. நேரம் முக்கியம். வண்டியை ஒரு இரவு முழுக்க ஆடாமல் நிறுத்தி, காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் வடியுங்கள். ஓடி வந்தவுடன் திறந்தால் கலங்கிய டீசல்தான் வரும், அடியில் எவ்வளவு தண்ணீர் என்பது தெரியாது; சூடான எஞ்சின் மேல் டீசல் சிந்தும் ஆபத்து வேறு. கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு, அடியில் அகலமான ஒரு கண்ணாடி ஜாடியை வையுங்கள். பிளாஸ்டிக் மூடியில் பிடித்துப் பார்ப்பவர்களுக்கு எதுவும் தெரியப் போவதில்லை. வடிகால் திருகைக் கையாலேயே இரண்டு சுற்று தளர்த்துங்கள். உறிஞ்சும் பக்கத்துச் செப்பரேட்டராக இருந்தால் ஒன்றும் வராமல் நிற்கலாம், அடைப்பு என்று நினைத்துக் கம்பியால் குத்த வேண்டாம். மேலே காற்றுக்கு வழியில்லாததால் டீசல் இறங்க மறுக்கிறது, அவ்வளவுதான். காற்றுக்கு வழிவிடும் மேல் பிளீட் திருகைத் தளர்த்துங்கள், இல்லையென்றால் கைப்பம்ப்பை நாலைந்து முறை அழுத்துங்கள், இறங்கும். சுத்தமான டீசல் வரத் தொடங்கியதும் மூடுங்கள். இங்கே பலர் செய்யும் அநியாயம், பிளாஸ்டிக் திருகை ஸ்பேனர் போட்டு முறுக்குவது. கை இறுக்கம் போதும். கசிகிறதென்றால் குறை ஓ-ரிங்கில் இருக்கிறது, முறுக்கினால் திருகு விரியுமே தவிரக் கசிவு நிற்காது.

ஜாடியைக் கால் மணி நேரம் அசையாமல் வைத்துப் பாருங்கள். அடியில் கோடு பிரித்தாற்போல் ஒரு அடுக்கு தெரிந்தால் தண்ணீர். சில நேரம் மேலே டீசல், கீழே டீசல் போலவே மஞ்சளாக ஏதோ ஒன்று என்று குழப்பும். அப்போது தண்ணீரில் கரையும் உணவுச் சாயம் இரண்டு துளி விடுங்கள். அது டீசலில் கரையாது, உருண்டையாகவே இறங்கும். தண்ணீர் இருந்தால் அந்த அடுக்கு மட்டும் நிறம் மாறிவிடும். எல்லாமே டீசல் என்றால் சாயம் அப்படியே அடியில் குண்டுமணியாகக் கிடக்கும். ஜாடி முழுக்கத் தண்ணீர் என்றாலும் கோடு தெரியாது, எல்லாம் ஒரே நிறமாக நிற்கும். ஆளைச் சரியாக ஏமாற்றும் நிலை அதுதான், சாயம் அங்கேயும் காட்டிக்கொடுத்துவிடும். பழுப்புத் தூள் வந்தால் டேங்கோ குழாயோ துருப்பிடிக்கிறது. கருப்பு வழவழப்பு, கெட்ட வாடையுடன் நூல்நூலாக வந்தால் அது கிருமி. தண்ணீரும் டீசலும் சந்திக்கும் எல்லையில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளரும், ஹார்மோகோனிஸ் ரெசினே என்ற பூஞ்சை இதில் பேர் போனது. தண்ணீரை எடுத்துவிட்டால் அதற்கு வாழ இடமில்லை. ஆனால் ஏற்கெனவே பரவியிருந்தால் டேங்கைக் கழுவி, அதற்கான கொல்லியையும் போட வேண்டும். கொல்லியை மட்டும் ஊற்றினால் செத்த பூஞ்சை மொத்தமும் ஃபில்டரில் வந்து அடைக்கும்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை என்பதற்கு உங்கள் கையேடு சொல்வதே முதல் பதில். அது கையில் இல்லையென்றால், முதல் மூன்று மாதம் மாதம் ஒருமுறை வடித்து, வந்த அளவை மில்லிலிட்டரில் எழுதி வையுங்கள். மூன்றுமுறையும் துளிகள்தான் என்றால் எஞ்சின் ஆயில் மாற்றும்போதெல்லாம் வடித்தால் போதும். ஒருமுறை 5, அடுத்து 20, அடுத்து 50 என்று ஏறினால் எங்கோ வழி திறந்திருக்கிறது. திடீரென ஒரேயொரு முறை நிறைய வந்து பிறகு நின்றுவிட்டால், அதற்கு முன்பு எங்கே டீசல் அடித்தீர்கள் என்று யோசியுங்கள். இந்தக் குறிப்புத்தான் என்னிடம் வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, அநேகமாக யாரிடமும் இருப்பதில்லை. ஃபில்டரை மாற்றுவது வேறு கணக்கு; பழைய அமெரிக்க டீசல் பிக்கப்களின் கையேடுகளில் 15,000 மைல், அதாவது சுமார் 24,000 கிலோமீட்டர் என்ற எண்ணைப் பரவலாகக் காணலாம். ஒழுங்காக வடிக்கிறேன், அதனால் ஃபில்டர் மாற்ற வேண்டாம் என்பதும், புது ஃபில்டர்தானே, வடிக்க வேண்டாம் என்பதும் இரண்டும் தப்பு.

விளக்கு விஷயத்துக்கு வருகிறேன். கிண்ணத்தின் அடியில் இருக்கும் சென்சாரில் பெரும்பாலும் இரண்டு முனைகள் இருக்கும். தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், டீசல் கடத்தாது, தண்ணீர் அந்த முனைகள் வரை ஏறினால் விளக்கு எரியும். வேறு சிலவற்றில் மிதவை. இரண்டிலும் குறிப்பிட்ட மட்டத்துக்கு மேலே ஏறினால்தான் செய்தி வரும், அதற்குக் கீழே கிடப்பது கணக்கில் வராது. 20 ஆண்டுப் பழைய வண்டியில் பல்பு போயிருக்கலாம், கனெக்டரில் பச்சை பூத்திருக்கலாம், முனைகளில் பிசுக்கு ஏறியிருக்கலாம். பல வண்டிகளில் சாவியைத் திருப்பியவுடன் மற்ற விளக்குகளோடு இதுவும் ஒரு கணம் எரிந்து அணைய வேண்டும். உங்கள் வண்டியில் எரிகிறதா என்று இன்றே பாருங்கள். எரிந்தாலும் பல்பு நலம் என்றுதான் அர்த்தம், சென்சார் நலம் என்று அல்ல. அடுத்த ஃபில்டர் மாற்றும்போது சென்சாரைக் கழற்றி, கனெக்டரை மாட்டியபடியே ஒரு கிளாஸ் தண்ணீரில் முக்குங்கள். எஞ்சின் ஓட வேண்டாம், சாவி மட்டும் ஆனில் இருக்கட்டும். சில வண்டிகளில் விளக்கு வரச் சில விநாடி பிடிக்கும். எரியவில்லை என்றால் இத்தனை காலம் நீங்கள் நம்பியது செத்துப்போன ஒரு கம்பியை. நேர்மாறாக, வடித்த பிறகும் விளக்கு அணையாமல் நிற்பதும் உண்டு. வயர் ஷார்ட்டா என்று பார்க்கும் முன் இன்னொருமுறை வடித்துப் பாருங்கள்.

ஃபில்டர் மாற்றும்போது காற்று புகாமல் இருப்பதுதான் பெரிய வேலை. காமன் ரெயிலுக்கு முந்தைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிகளில் புது ஃபில்டரில் டீசல் ஊற்றி மாட்டுவது நெடுநாள் பழக்கம், அதனால் பெரிய கேடு வந்து நான் பார்த்ததில்லை. காமன் ரெயிலில் செய்யாதீர்கள். நடுத்துளையில் ஊற்றும் டீசல் வடிகட்டாமலே நேராக உயர் அழுத்தப் பம்ப்புக்குப் போகும். காலி ஃபில்டரை மாட்டி, கைப்பம்ப் கெட்டியாகும் வரை அடியுங்கள். ஸ்டார்ட்டரை ஒரு நேரத்தில் 30 விநாடிக்கு மேல் சுழற்ற வேண்டாம். பழைய எஞ்சினில் நாசில் நட்டைத் தளர்த்தி ஏர் எடுப்பார்கள். காமன் ரெயிலில் எஞ்சின் ஓடும்போது நாசிலுக்குப் போகும் குழாயைத் தளர்த்தினால் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அது மருத்துவமனை விஷயம்.

ஓ-ரிங் பற்றி ஒன்று. 1993-ல் அமெரிக்காவில் குறைந்த கந்தக டீசல் வந்தபோது, வருடக்கணக்கில் பழைய டீசலில் ஊறி உப்பியிருந்த நைட்ரைல் ரப்பர்கள் சுருங்கிக் கசிந்தன. 2006-ல் கந்தகத்தை இன்னும் குறைத்து, 15 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 15 பங்கு) டீசல் வந்தது. உங்கள் வண்டியின் ரப்பர் அசல் என்றால், அதன் வயது தெரியாது என்றால், வடிகால் திருகிலும் கிண்ணத்திலும் இருப்பவற்றை ஒரே தடவையில் எஃப்.கே.எம். ரகத்துக்கு, அதாவது கடையில் வைட்டான் என்று கேட்டால் கிடைப்பதற்கு, மாற்றிவிடுங்கள். காலையில் மட்டும் ஸ்டார்ட் திணறுகிறது, தரையில் சொட்டு இல்லை என்றால் சந்தேகம் இங்கேதான். ஃபில்டருக்குப் பிறகு சிறிது தூரம் கண்ணாடிபோன்ற ஹோஸ் போட்டுக் குமிழி ஓடுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

ஆடிட்டிவ் கேள்வியில் என் கருத்து கறாரானது, ஆனால் எல்லா மெக்கானிக்கும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இவை இரண்டு வகை. ஒன்று தண்ணீரைப் பிரித்து அடியில் தள்ளும், இன்னொன்று டீசலோடு கலந்து எரிந்துபோக வைக்கும். இரண்டாவது வகை செப்பரேட்டரின் வேலையையே கெடுக்கிறது. கிண்ணத்தில் நின்றிருக்க வேண்டிய தண்ணீர் கலங்கலாகித் தாளைத் தாண்டிப் பம்ப்புக்குப் போகிறது. ஆல்கஹால் கலந்ததையும் நான் போட மாட்டேன். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கந்தகம் நீக்கும்போது டீசலின் வழுக்கும் தன்மையும் குறைவதால், அதை ஈடுகட்ட ஆலையிலேயே ஏதோ ஒன்றைச் சேர்க்கிறார்கள், பயோடீசலும் கலந்திருக்கலாம். இவை துளிகள் ஒன்றுசேர்வதைத் தடுக்கும் தன்மையுள்ளவை. ஆக, பழைய டீசலுக்கு வடிவமைத்த உங்கள் செப்பரேட்டர் இன்றைய டீசலில் புதிதாக இருந்த நாளின் திறமையோடு பிரிக்கிறது என்று சொல்ல முடியாது. அதனால் ஃப்ரேமில், டேங்குக்கும் பம்ப்புக்கும் நடுவே, கண்ணாடிக் கிண்ணம் வைத்த தனிச் செப்பரேட்டர் ஒன்றைச் சேர்ப்பது பழைய பிக்கப்புக்கு நல்ல செலவு என்பேன். அங்கே 30 அல்லது 10 மைக்ரான் ஃபில்டர் போதும். 2 மைக்ரானை உறிஞ்சும் பக்கத்தில் போட்டால் பம்ப் இழுக்கத் திணறும், மிக நுண்ணியதை எஞ்சின் பக்கத்து ஃபில்டருக்கே விடுங்கள். மணிக்கு மொத்தம் எத்தனை லிட்டர் டீசல் ஓடுகிறது என்று பார்த்து, அதைத் தாங்கும் அளவு வாங்குங்கள். இன்ஜெக்டருக்குப் போவதைவிடத் திரும்பி டேங்குக்குப் போகும் டீசல் பல வண்டிகளில் அதிகம்.

உங்கள் பம்ப்புக்கு இதற்குள் ஏதாவது ஆகிவிட்டதா என்பதைத் தூரத்திலிருந்து என்னால் சொல்ல முடியாது, நன்றாக ஓடுவது அதற்கு அத்தாட்சியும் அல்ல. இந்த வாரம் முதல்முறையாக வடியுங்கள். சில துளி வந்தால் நிம்மதி, மேலே சொன்னபடி மாதக் கணக்கைத் தொடங்குங்கள். கிண்ணம் முழுக்கத் தண்ணீர் வந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் மறுபடி மறுபடி வடியுங்கள், சுத்தமாகும் வரை. ஒரு வாரத்தில் திரும்பவும் அதே அளவு வந்தால் செப்பரேட்டரை விட்டுவிட்டு டேங்கை இறக்குங்கள், அடியைத் துடைத்து, உறிஞ்சு குழாயின் சல்லடையையும் பாருங்கள். வடித்ததைச் சாக்கடையில் ஊற்றாமல் மூடிய கேனில் சேர்த்து, பழைய ஆயில் எடுப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.